மடியில் தொடங்கும் வாசிப்பு

விஜயதசமியன்று குழந்தையை மடியில் உட்கார வைத்து, தட்டில் பரப்பிய அரிசியில் அதன் விரலைப் பிடித்து 'அ' எழுத வைப்பது நம் வீடுகளில் வழக்கம். என் மகளுக்கு இரண்டரை வயதானபோது அவளுடைய தாத்தா எழுத வைத்தார். ஒரு 'அ' முடிந்ததுமே விரலை உருவிக்கொண்டாள். அப்புறம் தானாகவே அரிசியில் வளையம் வளையமாகக் கிறுக்கினாள். கிறுக்கி முடித்து, அதன்மேல் விரலை இடமிருந்து வலமாக நகர்த்தி, "தாத்தா, யானை குளிக்குது" என்று வாசித்தும் காட்டினாள்.

தாத்தா எழுத வைத்த 'அ'வைவிட அவள் வாசித்த யானைதான் பெரிய விஷயம் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. கோட்டுக்குள் ஒரு சேதி இருக்கும், அதை இன்னொருவருக்கு வாசித்துக் காட்டலாம், விரல் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒரு எழுத்தும் தெரியாத குழந்தைக்கு, எழுத்து எதற்கு என்பது தெரிந்திருக்கிறது.

இந்த அறிவைக் கல்வித்துறையில் தனியாகப் பேசுகிறார்கள். தமிழில் 'முளைவிடும் எழுத்தறிவு' என்று வைத்துக்கொள்ளலாம். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் மேரி கிளே என்பவர் 1966இல் முடித்த முனைவர் பட்ட ஆய்விலிருந்து இந்தச் சிந்தனை கிளைத்தது. அதுவரை, குழந்தைக்கு ஒரு குறிப்பிட்ட மனமுதிர்ச்சி வந்த பிறகே வாசிப்பைத் தொடங்க வேண்டும், அதற்கு முன் செய்வதற்கு ஒன்றுமில்லை என்ற எண்ணம் வலுவாக இருந்தது. பள்ளியில் புதிதாகச் சேர்ந்த ஐந்து வயதுக் குழந்தைகளைக் கிளே பொறுமையாகக் கவனித்தார். சில குழந்தைகள் பள்ளிக்கு வரும்போதே நிறைய தெரிந்துகொண்டு வந்தார்கள். புத்தகத்துக்கு முன்பக்கம் எது, அம்மா வாசிப்பது படத்தையா எழுத்தையா, ஒரு வரி முடிந்தால் கண் எங்கே போக வேண்டும், இரண்டு சொற்களுக்கு நடுவே ஏன் இடைவெளி இருக்கிறது, இப்படி. யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்த பாடம் அல்ல இது. யாரோ ஒருவர் மடியில் உட்கார்ந்து புத்தகம் பார்த்ததில் ஒட்டிக்கொண்டது.

உங்கள் வீட்டிலும் பார்த்துவிடலாம். மூன்று நான்கு வயதுக் குழந்தையிடம் ஒரு புத்தகத்தைத் தலைகீழாக, பின்னட்டை மேலே இருக்கும்படி நீட்டுங்கள். திருப்பிச் சரியாகப் பிடிக்கிறதா? "எங்கேருந்து படிக்கணும், காட்டு" என்றால் படத்தைத் தொடுகிறதா, எழுத்தைத் தொடுகிறதா? தேர்வு வைப்பதாக நினைக்க வேண்டாம். படத்தைத் தொட்டாலும் நல்லதுதான். குழந்தை எந்த இடத்தில் நிற்கிறது என்று நமக்குத் தெரிந்துவிடும்.

இரண்டு கால்கள்

வாசிப்பு என்றால் என்ன என்பதற்கு 1986இல் கஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மிகச் சுருக்கமான ஒரு விளக்கம் கொடுத்தார்கள். வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் இரண்டு விஷயங்களின் பெருக்கல். ஒன்று, எழுத்தைப் பார்த்து ஒலியாக மாற்றுவது. இன்னொன்று, காதால் கேட்டால் அந்த மொழி புரிவது. வாசிப்பு நிற்பது இந்த இரண்டு கால்களில்தான். கூட்டல் என்று சொல்லாமல் பெருக்கல் என்றதில்தான் விஷயம் இருக்கிறது. இரண்டில் ஒன்று பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம்.

தமிழ்ப் பெற்றோருக்கு இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். நம் எழுத்து பெரும்பாலும் ஒழுங்கானது. 12 உயிர், 18 மெய், அவை சேர்ந்த 216 உயிர்மெய், ஓர் ஆய்தம், ஆக 247. கேட்க மலைப்பாக இருந்தாலும், கால், கொம்பு, புள்ளி என்று குறிகள் பிடிபட்ட பிறகு குழந்தை எதையும் ஒலித்துக் காட்டிவிடும். கு, சு, து, மு என்று உகர வரிசை மட்டும் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மாதிரி வளைந்து கொஞ்ச நாள் படுத்தும். எழுத்து இவ்வளவு ஒழுங்காக இருப்பதால், ஒரு குழந்தை ஒரு பக்கத்தைக் கடகடவென்று படித்தவுடன் வாசிக்க வந்துவிட்டது என்று நாம் திருப்தி அடைந்துவிடுகிறோம். "இப்போ என்ன படிச்ச, சொல்லு" என்று கேட்டால் விழிக்கும். முதல் கால் ஊன்றியிருக்கிறது, இரண்டாவது கால் ஊன்றவில்லை.

இரண்டாவது கால் பிறந்த நாளிலிருந்தே காது வழியாக வளர்வது. இங்கே தமிழுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. வீட்டில் "வந்துட்டான்" என்கிறோம், புத்தகத்தில் "வந்துவிட்டான்" என்று இருக்கிறது. "அவங்க போனாங்க" புத்தகத்துக்குள் போனதும் "அவர்கள் சென்றார்கள்" ஆகிவிடுகிறது. நமக்கு இரண்டும் ஒன்றுதான். நான்கு வயதுக் குழந்தைக்கு இரண்டாவது கிட்டத்தட்ட புது மொழி. முதல் வகுப்பில் அது எழுத்தையும் கற்க வேண்டும், அந்த எழுத்து பேசுகிற புது மொழியையும் கற்க வேண்டும். இரட்டைச் சுமை.

இதை இறக்கி வைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, மிகச் சிறு வயதிலிருந்தே சத்தமாக வாசித்துக் காட்டுவதுதான். கதையைப் பேச்சுத்தமிழுக்கு மாற்றியே சொல்லலாமா என்று பலர் கேட்கிறார்கள். முதலில் அச்சில் இருப்பதை அப்படியே, நல்ல ஏற்ற இறக்கத்தோடு வாசியுங்கள். பிறகு படத்தைக் காட்டி நம் பேச்சிலேயே பேசுங்கள். "நரி மெல்ல மெல்ல நகர்ந்து சென்றது" என்று வாசித்துவிட்டு, "பாரு, எப்படி மெதுவா மெதுவா போவுதுன்னு" என்று சொன்னால் போதும். 'சென்றது' என்றால் என்ன என்று யாரும் விளக்கத் தேவையில்லை. பத்து நாளில் குழந்தை தன் விளையாட்டில் பொம்மையைப் பார்த்து "அது காட்டுக்குச் சென்றது" என்று சொல்லும். கேட்க அவ்வளவு அழகாக இருக்கும்.

வாசித்துக் காட்டும்போது யார் பேசுவது?

குழந்தையைச் சும்மா உட்கார வைத்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்து முடிப்பதைவிட, நடுநடுவே நிறுத்திப் பேச வைப்பது மொழியை அதிகம் வளர்க்கிறது. அமெரிக்காவில் வைட்ஹர்ஸ்ட்டும் அவருடைய குழுவினரும் 1988இல் இதைச் சோதித்து எழுதினார்கள். 'உரையாடல் வாசிப்பு' என்று அதைச் சொல்லலாம். கேள், குழந்தை சொன்னதை ஏற்றுக்கொள், அதில் ஒரு சொல்லைக் கூட்டித் திருப்பிக் கொடு. அவ்வளவுதான் அதன் சாரம்.

எங்கள் வீட்டில் நடந்தது இது. படத்தில் ஒரு காகம்.

"என்ன பண்ணுது?"

"காக்கா தண்ணி."

"ஆமா, காக்கா பானையில இருக்கிற தண்ணியைப் பார்க்குது. ஏன் குடிக்கல?"

"கழுத்து பத்தல."

"கழுத்து எட்டலையா? அப்போ நீயா இருந்தா என்னடி பண்ணுவ?"

"அம்மாவைக் கூப்பிடுவேன்."

'பத்தல' என்பதை நான் திருத்தவில்லை. 'எட்டலையா' என்று என் வாயால் சொன்னேன், அவ்வளவுதான். பிறகு கூழாங்கல்லை மறந்துவிட்டுக் காக்காவின் அம்மா வந்து என்ன செய்யும் என்று கால் மணி நேரம் பேசினோம். கதை அன்றைக்கு முடியவே இல்லை. முடிய வேண்டிய அவசியமும் இல்லை.

ஒரே புத்தகத்தை நாற்பதாவது தடவை கொண்டுவந்து நீட்டும்போது பெரியவர்களுக்கு அலுப்பாகத்தான் இருக்கும். மறுக்காதீர்கள். முதல் தடவை படம், ஐந்தாவது தடவை கதை, பதினைந்தாவது தடவை சொற்கள் என்று ஒவ்வொரு முறையும் குழந்தையின் கவனம் வேறு இடத்துக்குப் போகிறது. மனப்பாடமாகிவிட்ட கதையை விரல் வைத்து 'வாசிக்கும்' கட்டத்தில்தான், வாயில் வரும் சொல்லும் தாளில் இருக்கும் எழுத்தும் பொருந்துவதை அது கண்டுபிடிக்கும். அந்தக் கண்டுபிடிப்பை நாம் கெடுத்துவிடக் கூடாது.

தனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, குழந்தைக்கு என்ன செய்ய முடியும் என்று தயங்கும் அம்மாக்களும் பாட்டிகளும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களிடம்தான் இரண்டாவது கால் வலுவாக இருக்கிறது. எழுத்தே இல்லாத படப் புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்தால் பாட்டி சொல்லும் கதைக்கு ஈடு கிடையாது. விடுகதை போடுவதும், "இது யார் தச்ச சட்டை, தாத்தா தச்ச சட்டை" என்று நாக்கு புரள வைப்பதும் எழுத்தறிவு வேலைதான். ச, த, ட மூன்றும் வேறு வேறு ஒலிகள் என்று காதுக்குத் தெரிந்தால்தான், அவை வேறு வேறு எழுத்துகள் என்று கண்ணுக்குத் தெரிவதில் அர்த்தம் இருக்கும். 'நிலா' என்று ஒருவர் சொல்ல, அடுத்தவர் 'லா'வில் 'லாரி' என்று தொடங்கும் விளையாட்டைப் பஸ்ஸில் போகும்போது விளையாடலாம். ஒரு பைசா செலவில்லை.

எழுத்து எங்கே தொடங்குகிறது?

எழுத்தில்தான் நாம் அதிகமாக அவசரப்படுகிறோம். மூன்றரை வயதில் நான்கு கோடு நோட்டு, அதில் ஒரு பக்கம் முழுக்க 'அ'. என் மகள் முதலில் போன மழலையர் வகுப்பிலும் இப்படித்தான் இருந்தது. இரவில் கை வலிக்கிறது என்று அழுவாள்.

கை வலிப்பது நிஜம். மணிக்கட்டில் இருக்க வேண்டிய எட்டு எலும்புகளும் பிறக்கும்போது குருத்தெலும்பாகவே இருக்கின்றன. மூன்று வயதில் அவற்றில் சிலதான் எலும்பாகத் தொடங்கியிருக்கும். பொதுவாக மூன்று வயதுக் குழந்தை ஒரு வட்டத்தைப் பார்த்து வரையும், நான்கு வயதில் கூட்டல் குறி வரும், சதுரம் வர ஐந்தை ஒட்டிவிடும், முக்கோணம் அதற்கும் பிறகு. இப்போது 'அ'வை நினைத்துப் பாருங்கள். ஒரு சுழி, ஒரு வளைவு, ஒரு படுக்கைக் கோடு, ஒரு செங்குத்துக் கோடு, எல்லாம் கை எடுக்காமல். 'இ'யோ அதைவிடச் சிக்கல். வரிசையில் முதலாவதாக இருப்பதால் அவை கைக்கும் முதலாவதாக எளிதாகிவிடாது.

நேர்க்கோடும் எளிய வளைவும் கொண்ட ட, ப, ம ஆகிய மூன்றையும் முதலில் எடுத்துக்கொண்டால் கைக்கும் சுலபம். மேலே ஒரு புள்ளியையும் சேர்த்துக்கொண்டால் படம், பட்டம், மடம், மட்டம் என்று உடனே சொற்களும் கிடைத்துவிடும். குழந்தை முதல் வாரத்திலேயே 'பட்டம்' என்று வாசிக்கிறது என்றால் அது தருகிற தெம்பே தனி. தமிழுக்கு இன்னொரு கொடையும் இருக்கிறது. ஓரெழுத்து ஒருமொழி. நன்னூல் 42 சொற்களைக் கணக்குச் சொல்கிறது. அதில் பூ, தீ, கை, பை, ஈ, வா, போ, தா, நீ என்பவை குழந்தை தினமும் பேசும் சொற்கள். ஓர் எழுத்து தெரிந்தால் ஒரு முழுச் சொல்லை வாசித்தாயிற்று. பூச்சட்டியில் 'பூ' என்றும், பையில் 'பை' என்றும் ஒரு சீட்டு ஒட்டி வைத்துப் பாருங்கள்.

நோட்டுக்கு முன்னால் கைக்கு வேறு வேலைகள் வேண்டும். சப்பாத்தி மாவு பிசைவது, மொச்சை உரிப்பது, கோலப்பொடியைக் கிள்ளி விடுவது, புள்ளிகளைச் சேர்ப்பது. சுவரில் ஒரு பெரிய கரும்பலகைத் துண்டும் சாக்பீஸும் இருந்தால் தோளிலிருந்து கை அசைத்து எழுதலாம். விரல் பென்சிலுக்குத் தயாராக அதுவே உதவும்.

இந்த வயதில் குழந்தையின் மனதுக்குள் எழுத்தைப் பற்றி எத்தனை எண்ணங்கள் ஓடுகின்றன என்பதை அர்ஜென்டினாவில் பிறந்த எமிலியா ஃபெரேரோ ஆராய்ந்தார். அனா டெபரோஸ்கியுடன் சேர்ந்து 1979இல் அந்த ஆய்வை நூலாக வெளியிட்டார். பெரிய பொருளின் பெயருக்கு நிறைய எழுத்துகள் வேண்டும் என்று பல குழந்தைகள் நினைக்கிறார்கள் என்பது அதில் ஒன்று. தமிழில் இதைச் சோதிக்க நமக்கு அற்புதமான ஜோடி இருக்கிறது. யானைக்கு இரண்டே எழுத்து, எறும்புக்கு நான்கு. நான் இரண்டையும் எழுதிக் காட்டி "எது யானை?" என்று கேட்டபோது என் மகள் தயங்காமல் 'எறும்பு' என்று எழுதியதைத் தொட்டாள். "இதுதான் நீளமா இருக்கு." கரப்பான்பூச்சிக்கு எட்டு எழுத்து என்று தெரிந்ததும் அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. அந்தக் கோபம் மிக மதிப்புள்ளது. எழுத்து பொருளின் உருவத்தைக் காட்டுவதில்லை, சொல்லின் ஒலியைக் காட்டுகிறது என்ற உண்மையை அவள் தானாகவே முட்டிப் பார்க்கிறாள். அதற்குப் பிறகு பெரியார் பேருந்து நிலையத்தில் ஊர்ப் பலகைகளைப் பார்ப்பதே எங்கள் வேலையாகிவிட்டது. தேனி இரண்டு எழுத்து, திருப்பரங்குன்றம் பத்து. ஊர் எவ்வளவு தூரம் என்பதற்கும் பெயரின் நீளத்துக்கும் சம்பந்தமில்லை.

இன்னொன்றும் செய்யலாம். குழந்தை சொல்லச் சொல்ல நாம் எழுதுவது. ஒரு படம் வரைந்துவிட்டு அதைப் பற்றி ஏதோ சொல்லும். "பூனைக்குக் காச்சல். ஆஸ்பத்திரி போச்சு. ஊசி வேணாம்னு ஓடிருச்சு." சொன்னதைச் சொன்னபடியே, அதன் பேச்சுத்தமிழிலேயே படத்துக்குக் கீழே எழுதுங்கள். 'காய்ச்சல்' என்று மாற்றாதீர்கள். பிறகு விரல் வைத்து வாசித்துக் காட்டுங்கள். தன் வாயில் வந்தது தாளில் இருக்கிறது, நாளைக்கு வாசித்தாலும் அதே சொற்கள்தான் வருகின்றன என்று பார்க்கும்போது அந்த முகத்தில் வரும் வெளிச்சத்தை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். நாலைந்து தாள்களைச் சேர்த்துத் தைத்து அட்டை போட்டு ஆசிரியர் பெயர் எழுதினால் புத்தகம் தயார்.

கொஞ்ச நாளில் குழந்தையே எழுதத் தொடங்கும். தப்பும் தவறுமாகத்தான் வரும். அம்மா 'அமா' ஆகும். 'கெ' எழுதும்போது கொம்பு பின்னால் போய் உட்காரும். யோசித்தால் அதிலும் ஒரு நியாயம் தெரியும். ஒலியில் 'க்' முதலில் வருகிறது, 'எ' பிறகுதான் வருகிறது. குழந்தை காதில் கேட்ட வரிசையிலேயே எழுதுகிறது, நம் எழுத்துமுறைதான் கொம்பை முன்னால் வைக்கிறது. இந்தப் பிழைகள் கவனக்குறைவால் வருபவை அல்ல, நன்றாகக் கவனித்ததால் வருபவை. எனக்கு அது தெரியாத காலத்தில், அவள் ஆசையாக எழுதி நீட்டிய முதல் கடிதத்தில் ஆறு இடத்தில் வட்டம் போட்டுக் கொடுத்தேன். அப்புறம் பல வாரங்கள் அவள் எதுவும் எழுதவில்லை. இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

புத்தகம் எங்கே கிடைக்கும்?

சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் சொன்னார். அதில் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். அடுத்தது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். குழந்தையை நூலகத்துக்குக் கூட்டிப்போகும்போது இந்த இரண்டையும் நினைத்துக்கொள்வேன். நாம் நீதிக் கதையை எடுத்து நீட்டுவோம், அது டைனோசர் படத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கும். டைனோசரே இருக்கட்டும். தானாகத் தேர்ந்தெடுத்த புத்தகத்தோடுதான் உறவு உண்டாகும்.

1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்ததற்கும் அவருடைய உழைப்பு முக்கியக் காரணம். அதன் பலனாக இன்று பக்கத்து ஊரில் ஒரு கிளை நூலகமாவது நமக்கு இருக்கிறது. சென்னைக் கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி உண்டு. பெரிய நூலகம் அருகில் இல்லாதவர்களுக்கு, பிரதம் புக்ஸ் என்ற பதிப்பகம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. வாசிப்பு நிலை வாரியாகப் பிரித்தும் வைத்திருக்கிறார்கள். வேண்டியதை அச்செடுத்துக் கொள்ளலாம். போனிலேயே பார்ப்பதானால் குழந்தை கையில் கொடுத்துவிட்டு எழுந்து போகாமல் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். மேலே சொன்ன பேச்சுதான் முக்கியம்.

புத்தகத்தை உயரமான அலமாரியில் கண்ணாடிக்குள் வைக்க வேண்டாம். தரையோடு ஒரு அட்டைப்பெட்டி போதும். கிழியும், ஓரம் கடிபடும். பரவாயில்லை, ஒட்டிக்கொள்ளலாம்.

என் மகளுக்கு இப்போது ஆறு வயது. தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம்தான் அவளுடைய எழுத்துத் தாள். எனக்கு எதையாவது எழுதிச் சமையலறை மேடையில் வைத்துவிட்டுப் போவாள். நான் வட்டம் போடுவதை நிறுத்திவிட்டு, கீழேயே பதில் எழுதி வைக்கிறேன். போன மாதம் "பாடி நாளக்கி வராங்க" என்று இருந்தது. "பாட்டி நாளைக்கு எத்தனை மணிக்கு வராங்க?" என்று எழுதி வைத்தேன். சாயங்காலம் வந்த தாளில் 'ட்' வந்து உட்கார்ந்திருந்தது. "பாட்டி 100 மணிக்கு வராங்க."